ஷாபெகோயென்சே விமான விபத்துக்குப் பிறகு: எங்கள் மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளி மைதானத்தில் காலை வேளையில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதக் கடைசியில் பயிற்சியைச் சிறிது நேரம் நிறுத்தி, 2016-ஆம் ஆண்டு விமான விபத்தில் இறந்துபோன ஒரு பிரேசில் அணியை நினைவுகூர்வது எங்கள் வழக்கம். அன்று வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஏனுங்க மாஸ்டர், அது எந்த டீமுங்க? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

அணியின் பெயர் ஷாபெகோயென்சே. ஷாபெகோ என்ற ஊரைச் சேர்ந்தது என்பதுதான் அதன் பொருள். பிரேசிலின் தென்பகுதியில், சாண்டா கத்தரினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், சுமார் இரண்டரை லட்சம் மக்கள் வாழும் ஊர் அது. கோழி இறைச்சியும் பன்றி இறைச்சியும் பதப்படுத்தும் ஆலைகள்தாம் ஊருக்குச் சோறு போடுகின்றன. கறிக்கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வாழும் பல்லடத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ளவர்கள் அணியைச் செல்லமாக ‘ஷாபே’ என்கிறார்கள்.

அந்தக் கழகம் 1973-இல் தொடங்கப்பட்டது. 2009-இல் நாட்டின் நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி, படிப்படியாக ஏறி 2014-இல் முதல் பிரிவுக்கு வந்துவிட்டது. ரியோ, சாவோ பாலோ போன்ற பெருநகரங்களின் பணபலம் இல்லாத ஒரு சிற்றூர் அணி ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்ததால்தான், விபத்துக்கு முன்பே பிரேசிலில் பலருக்கும் அது இரண்டாவது விருப்ப அணியாக இருந்தது.

அன்னிக்கு என்னதாங்க நடந்துச்சு? சுருக்கமாச் சொல்லுங்க.

தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோபா சுடமெரிக்கானா போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஷாபே தகுதி பெற்றிருந்தது. அரையிறுதியில் அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ அணிக்கு எதிராக, கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் டனிலோ பந்தைக் காலால் தடுத்ததுதான் அவர்களை இறுதிக்குக் கொண்டுசென்றது. கொலம்பியாவின் மெடலின் நகரில், அட்லெட்டிகோ நசியோனல் அணியுடன் நவம்பர் 30 அன்று முதல் ஆட்டம் நடப்பதாக இருந்தது.

பொலிவியாவின் சாண்டா குரூஸ் நகரிலிருந்து லாமியா என்ற சிறு நிறுவனத்தின் வாடகை விமானத்தில் புறப்பட்டார்கள். மெடலினுக்கு அருகே தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது விமானம் ஒரு மலைச்சரிவில் மோதியது. விமானத்தில் இருந்த 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் ஆட்டக்காரர்கள், 20 பேர் செய்தியாளர்கள். பயிற்சியாளர் கயோ ஜூனியர், கழகத் தலைவர் உள்ளிட்ட நிர்வாகிகள், மருத்துவக் குழுவினர் என்று ஒரு கழகமே அந்த விமானத்தில் இருந்தது.

ஒருத்தர் 28-ங்கறாங்க, ஒருத்தர் 29-ங்கறாங்க. எது சரிங்க?

இரண்டும் சரிதான். விமானம் மோதியபோது கொலம்பியாவில் நவம்பர் 28 இரவு 10 மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. பிரேசிலில் நள்ளிரவு தாண்டி 29-ஆம் தேதி பிறந்துவிட்டது. நமக்கோ 29-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 28 நிமிடம். நம் பிள்ளைகள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளி வேனுக்கு நின்றிருந்த நேரம் அது. அதனால்தான் நாங்கள் 29-ஆம் தேதி காலையை வைத்துக்கொண்டோம்.

பனி மலையில மாட்டிக்கிட்டு 72 நாள் உசுரோட இருந்தாங்களே, அது இவங்கதானுங்களா?

இல்லை. அது 1972 அக்டோபர் 13 அன்று ஆண்டிஸ் மலையில் நடந்த வேறொரு விபத்து. அதில் பயணம் செய்தவர்கள் உருகுவே நாட்டு ரக்பி அணியினர். விமானத்தில் இருந்த 45 பேரில் 16 பேர் பிழைத்தார்கள்.

பெட்ரோல் தீந்து போயித்தான் விழுந்துச்சாமே. நெசமாவாங்க? பஸ்ஸுக்கே டேங்க் ரொப்பித்தான எடுப்பாங்க?

உண்மைதான். கொலம்பிய விமானப் போக்குவரத்துத் துறை 2018 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை, எரிபொருள் தீர்ந்ததையே காரணமாகச் சொல்கிறது. டேங்க்கில் எரிபொருள் இருந்தது. ஆனால் போதுமான அளவு இல்லை. பயண நேரம் 4 மணி 22 நிமிடம். கையில் இருந்த எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம். போய்ச்சேரும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் அடுத்த விமான நிலையம் வரை செல்லவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வானில் சுற்றவும் எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளிலும் உள்ள விதி. சாண்டா குரூஸில் பயணத் திட்டத்தைப் பரிசீலித்த அலுவலர் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியதாகச் சொன்னார். ஆனாலும் விமானம் புறப்பட்டது.

வழியில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை. விமானத்தை ஓட்டிய தலைமை விமானியே அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பைப் பார்க்க வேண்டியவரும் செலவைப் பார்க்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால், எந்தப் பக்கம் தராசு சாயும் என்பது தொழில் நடத்தும் ஊரான திருப்பூருக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேசிலிலிருந்து நேராக லாமியா விமானத்தில் செல்லத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பிரேசில் நாட்டையோ கொலம்பியா நாட்டையோ சேர்ந்த நிறுவனம்தான் அந்த வழித்தடத்தில் வாடகை விமானம் இயக்கலாம் என்று பிரேசில் அதிகாரிகள் அனுமதி மறுத்துவிட்டார்கள். அதனால்தான் சாவோ பாலோவிலிருந்து பயணிகள் விமானத்தில் சாண்டா குரூஸ் வரை சென்று, அங்கிருந்து மாறினார்கள்.

வேற ஒரு பிளேனை முதல்ல எறங்க உட்டதாலதான் இவங்க விழுந்தாங்கன்னு படிச்சேன். அப்ப தப்பு கீழ இருந்தவங்க மேலதானுங்களே?

அன்றிரவு எரிபொருள் கசிவு இருக்கலாம் என்ற சந்தேகத்துடன் வேறொரு பயணிகள் விமானம் அதே நிலையத்துக்கு வந்தது. அதற்கு முன்னுரிமை கொடுத்தார்கள். லாமியா விமானம் வானில் வட்டமடித்துக் காத்திருந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் தன் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை லாமியா விமானி நேரத்தில் சொல்லவில்லை. எரிபொருள் அவசரநிலை என்று அறிவித்திருந்தால் வரிசையில் முதல் இடம் கிடைத்திருக்கும். அப்படி அறிவித்தால், முந்தைய விடையில் சொன்ன விதிமீறல் வெளியே வந்துவிடும். அவர் தாமதித்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கக் கூடும்.

அன்று கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த பெண்ணுக்கு விபத்துக்குப் பின் கொலை மிரட்டல்கள் வந்தன. சொல்லப்படாத ஒன்றை அவர் எப்படி அறிந்திருக்க முடியும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்வதுண்டு.

எத்தனை பேருங்க பொழைச்சாங்க? அவங்கெல்லாம் இப்ப ஆடறாங்களா?

ஆறு பேர் பிழைத்தார்கள். அவர்களில் மூவர் ஆட்டக்காரர்கள்: தற்காப்பு ஆட்டக்காரர்களான அலன் ரூஷெல், நேட்டோ, மாற்றுக் கோல்கீப்பர் ஜாக்சன் ஃபோல்மன். மற்றவர்கள் வானொலி வர்ணனையாளர் ரஃபேல் ஹென்செல், விமானப் பணிப்பெண் ஷிமேனா சுவாரெஸ், விமானத் தொழில்நுட்பப் பணியாளர் எர்வின் துமிரி. டனிலோவையும் உயிருடன்தான் மீட்டார்கள், மருத்துவமனையில் இறந்துபோனார். மழையும் மூடுபனியுமாக இருந்த அந்த மலையில், விமானம் விழுந்து பல மணி நேரம் கழித்துக் கடைசியாகக் கண்டெடுக்கப்பட்டவர் நேட்டோ.

ரூஷெலுக்கு முதுகெலும்பில் காயம். எட்டு மாதங்களுக்குப் பின், 2017 ஆகஸ்ட் 7 அன்று பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் நடந்த நட்பு ஆட்டத்தில் அவர் மீண்டும் களமிறங்கினார். ஆட்டத்தில் ஷாபே 5-0 என்று தோற்றது. அந்தக் கணக்கை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஃபோல்மனுக்கு வலது காலின் கீழ்ப்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக் காலுடன் கழகத்தின் தூதராகப் பணியாற்றினார், பாடகராகவும் பெயர் பெற்றார். நேட்டோ மீண்டும் ஆடுவதற்காக மூன்று ஆண்டுகள் உடலோடு போராடினார். பயிற்சியில் வலி தாங்க முடியாமல், ஒரு முறைகூட களத்துக்குத் திரும்பாமலேயே 2019 இறுதியில் ஓய்வை அறிவித்தார்.

ஹென்செலைப் பற்றித்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. விபத்துக்குப் பின் ஷாபே ஆடிய முதல் ஆட்டத்தையே வர்ணனை செய்யத் திரும்பி வந்தவர் அவர். 2019 மார்ச்சில் நண்பர்களுடன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்துபோனார்.

அவங்க ஊருக்கு எப்படிங்க கொண்டு வந்தாங்க? ஊர்ல என்ன பண்ணுனாங்க?

டிசம்பர் 3 அன்று, பிரேசில் விமானப் படையின் பெரிய சரக்கு விமானங்கள் ஏறத்தாழ 50 சவப்பெட்டிகளை ஷாபெகோவுக்குக் கொண்டு வந்தன. விடாமல் மழை பெய்தது. அணியின் சொந்த மைதானமான அரேனா கொண்டாவில் மக்கள் நனைந்தபடியே நின்றார்கள். படைவீரர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் தோளில் சுமந்து, சேறாகிப்போன புல்வெளியின் குறுக்கே நடந்து வந்தார்கள்.

அந்த வாரத்தில் நடந்தவற்றுள் என் மனத்தை விட்டுப் போகாத காட்சி ஒன்று உண்டு. டனிலோவின் தாயைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் பேட்டி எடுக்கிறார். அந்த அம்மா பேச்சை நிறுத்தி, தான் ஒரு கேள்வி கேட்கலாமா என்கிறார். இத்தனை செய்தியாளர்களை, உங்கள் நண்பர்களை, நீங்களும் இழந்திருக்கிறீர்களே, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்தச் செய்தியாளரை அப்படியே அணைத்துக்கொள்கிறார். மகனை இழந்து நான்கு நாள்கூட முழுதாக ஆகாத தாய் அவர். நம் பக்கத்தில் எழவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம், இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லும் பெரியம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குணம்தான் இது.

ஆடாமயே கப்பு குடுத்துட்டாங்களாமே. அது சரிதானுங்களா? எதிர் டீமு பாவமில்லீங்களா?

கோப்பையை ஷாபேவுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டதே எதிரணியான அட்லெட்டிகோ நசியோனல்தான். விபத்து நடந்த உடனேயே தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு அந்த வேண்டுகோளை வைத்தார்கள். டிசம்பர் 5 அன்று கூட்டமைப்பு ஷாபேவை வெற்றியாளராக அறிவித்தது. நசியோனலுக்கு நற்பண்புக்கான சிறப்பு விருது வழங்கப்பட்டது. வெற்றிப் பரிசான 20 லட்சம் டாலர் ஷாபேவுக்கும், 10 லட்சம் டாலர் நசியோனலுக்கும் சென்றன.

ஆட்டம் நடக்க இருந்த நவம்பர் 30 அன்று, அதே நேரத்தில், மெடலின் மைதானம் நிரம்பி வழிந்தது. மக்கள் வெள்ளை உடை அணிந்து, கையில் மெழுகுவத்தியும் பூவுமாக வந்திருந்தார்கள். உள்ளே இடம் இல்லாமல் வெளியே தெருக்களிலும் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். தங்கள் அணியைத் தோற்கடிக்க வந்துகொண்டிருந்த ஓர் அணியின் பெயரைச் சொல்லி அவர்கள் பாடினார்கள். இரண்டு அணிகளுக்கும் பச்சையும் வெள்ளையும்தான் நிறம் என்பதால், அன்று எது யாருடைய கொடி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கோப்பை என்பது ஆடி வெல்ல வேண்டியது என்று வாதிடும் பெற்றோர் உண்டு. விளையாட்டின் விதி என்று பார்த்தால் அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை ஆட ஒரு தரப்பில் ஆள் இல்லை. ஆளில்லாத அணியைத் தோற்கடித்ததாக எழுதிக்கொள்ள நசியோனலுக்கு மனம் வரவில்லை. அவர்கள் அந்த ஆண்டு அதைவிடப் பெரிய கோபா லிபர்டடோரஸ் கோப்பையை வென்ற அணி; இழப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள் அல்லர். என் பையன்களிடம் நான் அதிகமாகச் சொல்வது ஷாபேவைப் பற்றி அல்ல, நசியோனலைப் பற்றித்தான்.

டீமே போனதுக்கப்பறம் அடுத்த வருசமே எப்படிங்க ஆடுனாங்க?

பயணத்துக்குத் தேர்வு செய்யப்படாதவர்கள், காயம் காரணமாக ஊரில் தங்கியவர்கள் என்று சிலர் மிஞ்சியிருந்தார்கள். காலியான உடைமாற்றும் அறையில், பெயர் எழுதிய இடங்களுக்கு நடுவே அவர்களில் மூவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. அவர்களோடு இளையோர் அணியிலிருந்து வந்தவர்கள், பிற கழகங்கள் இரவலாகத் தந்தவர்கள், புதிதாக ஒப்பந்தமானவர்கள் என்று 20-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் புதிய பயிற்சியாளர் வாக்னர் மன்சினி ஓர் அணியை உருவாக்கினார்.

2017 ஜனவரி 21 அன்று பால்மெய்ராஸ் அணியுடன் முதல் நட்பு ஆட்டம் நடந்தது. விபத்துக்கு முந்தைய நாள் ஷாபே ஆடிய கடைசி ஆட்டமும் பால்மெய்ராஸுடன்தான். ஆட்டத்துக்கு முன் ரூஷெல், நேட்டோ, சக்கர நாற்காலியில் ஃபோல்மன் ஆகிய மூவரும் கோபா சுடமெரிக்கானா கோப்பையைக் கையில் வாங்கினார்கள். இறந்தவர்களின் பதக்கங்களைக் குடும்பத்தினர் பெற்றுக்கொண்டார்கள். இறந்த 71 பேரின் நினைவாக, 71-ஆம் நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அரங்கமே எழுந்து கைதட்டியது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

மூணு வருசத்துக்கு இவங்கள கீழ் பிரிவுக்கு எறக்கக் கூடாதுன்னு மத்த டீமெல்லாம் கேட்டாங்களாமே?

பிரேசிலின் பெரிய கழகங்கள் சேர்ந்து அப்படி வேண்டியது உண்மை. ஆட்டக்காரர்களை இலவசமாக இரவல் தரவும் முன்வந்தன. ஆனால் கீழிறக்கத்திலிருந்து விலக்கு என்பது நடைமுறைக்கு வரவில்லை. களத்தில் மற்றவர்களுக்கு உள்ள விதியே ஷாபேவுக்கும் இருந்தது. முன்னொரு காலத்தில் அத்தகைய விலக்கு கொடுக்கப்பட்டதுண்டு: 1979-இல் வானில் இரண்டு விமானங்கள் மோதியதில் தாஷ்கண்டின் பக்தகோர் அணி அழிந்தபோது, சோவியத் லீக் மூன்று ஆண்டுகள் அதற்கு முதல் பிரிவில் இடம் உறுதி செய்தது.

அப்பறம் நல்லா வந்துட்டாங்களா?

முதல் ஆண்டு எல்லோரையும் வியக்க வைத்தது. 2017-இல் மாநிலக் கோப்பையை வென்றார்கள், தேசிய லீகில் எட்டாம் இடம் பிடித்தார்கள். பிறகு தேய்மானம் தொடங்கியது. 2019-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 2020-ஆம் ஆண்டுத் தொடரில் இரண்டாம் பிரிவை வென்று ஏறினார்கள். அந்த அணியில் ரூஷெலும் இருந்தார். 2021-இல் மறுபடியும் இறங்கினார்கள். 2022-இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டிய நிலைக்குக் கழகம் வந்தது. உலகமே அழுத வாரத்தில் வந்து குவிந்த அன்பு, ஆறு ஆண்டுக் கடனை அடைக்கப் போதவில்லை.

இறந்தவங்க குடும்பத்துக்கெல்லாம் பணம் வந்துருச்சுங்களா? கோடிக் கணக்குல இன்சூரன்ஸ் இருந்திருக்குமே?

கோப்பைக்கு ஒரு வாரம் ஆயிற்று. இழப்பீட்டுக்கு ஆண்டுகள் பல ஓடின. விமானத்துக்கு 2.5 கோடி டாலர் காப்பீடு இருந்தது. ஆனால் காப்பீட்டுத் தரப்பு பணம் தர மறுத்தது. பாலிசி கொலம்பியாவுக்குப் பறப்பதை உள்ளடக்கவில்லை என்றும், தவணை கட்டப்படவில்லை என்றும் காரணம் சொன்னார்கள். கொலம்பியாவில் விழுந்த விமானத்துக்குக் கொலம்பியா நீங்கலான காப்பீடு. அந்தத் தாளை விமானம் கிளம்பும் முன் யாராவது ஒருவர் முழுதாகப் படித்திருந்தால் போதும்.

அதற்குப் பதிலாக, மனிதாபிமான நிதி என்ற பெயரில் ஒரு தொகை தருவதாகவும், பெற்றுக்கொள்பவர்கள் வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிட வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்ததால் சிலர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடினார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் வாசலில் போராட்டம் நடத்தினார்கள். 2019-இல் பிரேசில் மேலவை இதற்கென்றே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. சில குடும்பங்கள் ஷாபே கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. விமானத்தைத் தேர்ந்தெடுத்தது கழகம்தானே என்பது அவர்கள் வாதம். கழகமும் நிர்வாகிகளை இழந்து நின்ற வீடுதான் என்றாலும், அந்த வாதத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

தப்புப் பண்ணுனவங்களுக்குத் தண்டனை கெடைச்சுதுங்களா?

முதன்மையான பொறுப்பாளியான விமானி விபத்திலேயே இறந்துவிட்டார். லாமியாவின் உரிமத்தை பொலிவியா சில நாள்களில் முடக்கியது. அதன் பொது மேலாளர் கைது செய்யப்பட்டார். பயணத் திட்டத்தில் குறை கண்டதாகச் சொன்ன அந்த அலுவலர் பிரேசிலுக்குத் தப்பிச் சென்று அடைக்கலம் கேட்டார். 2021-இல் அங்கே கைதானார். குடும்பங்கள் எதிர்பார்த்த நீதி இது அல்ல.

இதுக்கு முன்னால இப்படி எந்த டீமுக்காச்சும் ஆயிருக்குதுங்களா? அவங்க எந்திரிச்சாங்களா?

பலமுறை நடந்திருக்கிறது. 1949 மே 4 அன்று இத்தாலியின் டொரீனோ அணி லிஸ்பனிலிருந்து திரும்பும்போது, டூரின் நகருக்கு மேலே உள்ள சூப்பர்கா குன்றின் தேவாலயச் சுவரில் விமானம் மோதி 31 பேரும் இறந்தார்கள். 18 பேர் ஆட்டக்காரர்கள். லீகில் மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களையும் டொரீனோ தன் இளையோர் அணியைக் கொண்டு ஆடியது. எதிரணிகளும் தங்கள் இளையோரையே இறக்கின. மறு ஆண்டு உலகக் கோப்பைக்கு இத்தாலி அணி விமானம் ஏற அஞ்சிப் பிரேசிலுக்குக் கப்பலில் போனது. டொரீனோ அடுத்த முறை லீகை வென்றது 1976-இல். இருபத்தேழு ஆண்டுகள்!

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் ஓடுபாதையில் உருகிய பனிச்சேற்றால் மான்செஸ்டர் யுனைடெட் விமானம் எழும்ப முடியாமல் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். பதின்மூன்று நாள் கழித்து அடுத்த ஆட்டம். அன்றைய நிகழ்ச்சித்தாளில் யுனைடெட் அணியின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாகவே அச்சிட்டிருந்தார்கள். யார் ஆடுவார்கள் என்று அச்சுக்குப் போகும்போது தெரியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1968-இல், விபத்தில் பிழைத்த பாபி சார்ல்டனும் பில் ஃபௌக்ஸும் இடம்பெற்ற அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த விமானத்தின் தலைமை விமானி ஜேம்ஸ் தெயின் தன்மேல் சுமத்தப்பட்ட பழியை நீக்கிக்கொள்ளவும் ஏறத்தாழ அதே பத்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

1987-இல் பெருவின் அலியான்சா லிமா அணியின் விமானம் கடலில் விழுந்தது. 1993 ஏப்ரல் 27 அன்று ஜாம்பியா தேசிய அணி, காபோன் நாட்டின் லிப்ரவில் நகரிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்து 30 பேரும் இறந்தார்கள். ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் இல்லாத கலூஷா புவாலியா புதிய அணிக்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டே ஆப்பிரிக்கக் கோப்பையில் இரண்டாம் இடம். 2012-இல் ஜாம்பியா அந்தக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் நடந்த ஊர் லிப்ரவில்.

நீங்க எதுக்குங்க கப்பைவிட இன்சூரன்ஸ் பத்தியே அதிகமாப் பேசறீங்க?

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு பையன்களை ஊட்டியில் ஒரு போட்டிக்கு அழைத்துச் சென்றேன். தெரிந்தவர் ஒருவர் வாடகை குறைவு என்று ஒரு வேனை ஏற்பாடு செய்தார். விடியற்காலை இருட்டில் ஏறிவிட்டோம். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் டிரைவரின் தலை ஒரு நொடி தொங்கியதை முன் இருக்கையிலிருந்து நான் பார்த்தேன். முந்தைய இரவு முழுக்க அவர் கல்யாணச் சவாரி ஓட்டியிருக்கிறார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டீக்கடையில் அவரை இரண்டு மணி நேரம் தூங்க வைத்தோம். அப்போதுதான் கீழே இறங்கி நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் அதன் இன்சூரன்ஸ் பயணிகளுக்குக் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. கொலம்பியாவை விட்டுவிட்ட பாலிசிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் முதல் ஆட்டத்தைத் தவறவிட்டோம். பெற்றோரிடம் நடந்ததை அன்றே சொன்னேன்.

அதன் பின் மஞ்சள் போர்டு வண்டி மட்டும்தான். பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றின் தேதியையும் முதல் நாள் மாலையே பார்த்துவிடுகிறோம். டிரைவர் முந்தைய இரவு தூங்கினாரா என்று நேரில் கேட்கிறோம். இதைக் கேட்டால் சங்கடப்படுவார்களே என்று தயங்குகிற பெற்றோர், தயவுசெய்து தயங்க வேண்டாம்.

சின்னப் பசங்ககிட்ட இதெல்லாம் சொல்லோணுமுங்களா? எம்பையன் ராத்திரி தூங்க மாட்டேங்கறான்.

விபத்தை விவரிக்க வேண்டாம். நான் அவர்களிடம் விமானத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. மெடலினில் நின்ற கூட்டத்தையும், டனிலோ காலால் தடுத்த அந்தப் பந்தையும் பற்றித்தான் பேசுகிறேன். பயந்துபோன பிள்ளை இருந்தால், பிழைத்தவர்களைப் பற்றி மேலே எழுதியிருப்பதில் ரூஷெல் மீண்டும் ஆடியதைப் படித்துக் காட்டுங்கள். ஹென்செலைப் பற்றிய பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பையன் ஒருவனுக்கு அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மிச்சமான பச்சைத் துணியில் மகனுக்கு ஒரு ஜெர்சி வெட்டித் தைத்து, நெஞ்சில் வெள்ளை நூலால் ‘ஷாபே’ என்று தமிழில் எம்பிராய்டரி போட்டுக் கொடுத்திருக்கிறார். கழுத்துப் பட்டி கொஞ்சம் கோணல். அவன் அதைத் தவிர வேறு எதையும் பயிற்சிக்குப் போட்டு வருவதில்லை. பயந்துபோன பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.

இந்த வருசம் நாங்களும் வரலாமுங்களா? என்னென்ன கொண்டு வரோணும்?

கட்டாயம் வரலாம். நவம்பர் 29 காலை 7 மணிக்கு வழக்கம்போல் பயிற்சி தொடங்கும். எங்கள் சிறுவர்களின் ஆட்டம் 50 நிமிடம்தான். 71-ஆம் நிமிடம் என்று ஒன்று அதில் வராது. ஆகையால் மேலே சொன்ன 8 மணி 28 நிமிடத்துக்கு விசில் ஊதுவோம். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். இரு பக்கக் கோல்கீப்பர்களும் கம்பத்தை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். ஒரு நிமிடம் கழித்து அதே இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். மெழுகுவத்தி வேண்டாம், காற்றில் நிற்காது. குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தால் போதும். பள்ளி நாளாக இருந்தால் பிள்ளைகளின் சீருடையைப் பையில் வைத்து அனுப்புங்கள். இங்கேயே மாற்றிக்கொண்டு போகலாம்.